பிக்கப்பைத் தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் நிற்கவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

டெக்ஸஸிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வண்டி 1996 ஷெவர்லே சி1500. ரெகுலர் கேப், ஷார்ட் பெட், டூ வீல் டிரைவ். முன்னால் 2 இன்ச் டிராப் ஸ்பிண்டிலும் (வீல் மாட்டும் அச்சு மேலே தள்ளி வார்த்த துண்டு) 2 இன்ச் குட்டை ஸ்பிரிங்கும் போட்டு 4 இன்ச் இறக்கியிருக்கிறார். பின்னால் ஃபிளிப் கிட் (ஆக்ஸிலை ஸ்பிரிங்குக்கு மேலே மாற்றுவது), சி-நாட்ச் (ஆக்ஸில் ஏற இடம் விட்டு ஃப்ரேமை வெட்டுவது) போட்டு 6 இன்ச் இறக்கியிருக்கிறார். வேலையை வீட்டு கராஜிலேயே முடித்திருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு தடவை அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது) பார்த்தும் முன் டயர்களின் உள்விளிம்பு தேய்கிறது, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அடியிலிருந்து அதிர்வு வருகிறது. அலைன்மென்ட் கடையில் "இதற்கு மேல் வராது" என்று சொல்லிவிட்டார்களாம். என்ன செய்வது என்பது கேள்வி.

மூன்று தொல்லைக்கும் தனித்தனிக் காரணம் இருக்கலாம். ஆனால் தீர்க்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் வண்டி நிற்கும் உயரம், பிறகு பின் ஆக்ஸில், அடுத்து ஸ்டியரிங் மூட்டுகளின் ஆட்டம், அதன்பின் கேம்பரும் கேஸ்டரும், கடைசியாக டோ. கேம்பர் என்பது வீலின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்வது. கேஸ்டர் என்பது வீல் திரும்பும் அச்சு முன்னேயோ பின்னேயோ சாய்வது. டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்வீலும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்பது. நீங்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். கிட் மாட்டிய கையோடு நேராக அலைன்மென்ட் ரேக்கில் (கோணங்களை அளக்கும் மேடை) ஏற்றும் எல்லோருக்கும் நடப்பது இதுதான். கம்ப்யூட்டர் கோணத்தைக் காட்டும். அந்தக் கோணம் எந்த உயரத்தில் எடுத்தது, அந்த உயரம் அடுத்த மாதமும் அப்படியே இருக்குமா என்பது அதற்குத் தெரியாது.

உயரத்தை எப்படி அளப்பது? தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளக்காதீர்கள். டயர் காற்றும் தரையின் சாய்வும் அதில் கலந்துவிடும். வீல் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து நான்கு மூலைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். இடது வலது வித்தியாசம் கால் இன்சுக்குள் இருந்தால் கவலையில்லை. அரை இன்சுக்கு மேல் என்றால் ஒரு பக்க காயில் ஸ்பிரிங்கின் முனை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லையா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கீழ் கன்ட்ரோல் ஆர்மில் (வீலை ஃப்ரேமோடு இணைக்கும் கை) இருக்கும் தடத்தில் போய் முட்டி நிற்க வேண்டும். கால் சுற்று திரும்பி உட்கார்ந்தாலும் அந்த மூலை தூக்கிக்கொண்டு நிற்கும்.

கராஜில் செய்த வேலைகளில் அதிகம் தவறிப்போவது ஒன்று உண்டு. கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களில் இருப்பது ரப்பர். அது உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும், வழுக்கிச் சுழலாது. வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்ம் கீழே தொங்கும்போதே அந்த போல்ட்டுகளை முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முழு முறுக்கில் நிற்கும். வண்டி சொன்ன அளவுக்கு இறங்காது, பள்ளத்தில் கட்டைவண்டி போலக் குதிக்கும், சில மாதங்களில் புஷ் கிழியும். கிழிந்த பிறகு கோணங்களெல்லாம் மாறிவிடும். இப்போதே ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சொந்த எடையில் நிறுத்தி, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நாலு தடவை அமுக்கிவிட்டு மறுபடி டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். வண்டி தாழ்ந்திருப்பதால் அடியில் கை நுழையாது. நான்கு சக்கரத்துக்கும் மரப்பலகை கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். எடை டயரில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

புது ஸ்பிரிங் கொஞ்சம் படியும். அதனால் கிட் போட்ட அன்று டோவை மட்டும் கிட்டத்தட்டச் சரிசெய்து ஓட்டுங்கள். 500 மைல் ஓடிய பிறகு முழு அலைன்மென்ட் செய்யலாம். அந்த 500 மைலுக்குள் டயர் அழியாமல் இருக்கத்தான் முதல் நாள் டோ.

இனி, தாழ்த்தியதால் முன்பக்கம் என்ன ஆனது என்பதைப் பார்ப்போம். உங்கள் வண்டியில் மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நீளம். ஸ்பிரிங் குட்டையானால் இரண்டு ஆர்மும் மேல்நோக்கிச் சுழலும். குட்டையான மேல் ஆர்ம் வீலின் தலையைச் சீக்கிரமாக உள்ளே இழுக்கும். அதுதான் நெகட்டிவ் கேம்பர். டிராப் ஸ்பிண்டில் இப்படிச் செய்யாது. அதில் வீல் மாட்டும் அச்சை மட்டும் 2 இன்ச் மேலே தூக்கி வார்த்திருப்பார்கள். பால் ஜாயிண்ட்டுகளும் ஆர்ம்களும் கம்பெனி கொடுத்த கோணத்திலேயே நிற்கும். ஆக உங்கள் 4 இன்ச்சில் கேம்பரைக் கெடுத்தது ஸ்பிரிங்கின் 2 இன்ச் மட்டும். இது நல்ல செய்தி, ஏனென்றால் 2 இன்ச் ஸ்பிரிங் இறக்கத்தை ஒழுங்கான கேம் போல்ட் (திருகினால் ஆர்மை நகர்த்தும் வட்டுள்ள போல்ட்) இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். 4 இன்ச்சையும் ஸ்பிரிங்கிலேயே எடுத்திருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். என்னைக் கேட்டால், பணம் கொஞ்சம் கூடினாலும் முதலில் ஸ்பிண்டில், போதாததற்கு மட்டும் ஸ்பிரிங் என்றுதான் சொல்வேன்.

முன்பக்கத்தைத் தொடும் முன் பின்னால் போவோம். பின் ஆக்ஸில் எந்தத் திசையில் தள்ளுகிறதோ, வண்டி அந்தத் திசையில்தான் போகும். நீங்கள் ஸ்டியரிங்கால் அதை ஈடுகட்டிக்கொண்டே ஓட்டுவீர்கள்.

இந்த வண்டியில் பின் ஆக்ஸில் லீஃப் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும். ஃபிளிப் கிட் அதைக் கழற்றி ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார வைக்கிறது. பட்டைகளை நடுவில் கோர்த்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, கிட்டோடு வந்த சேடிலின் துளைக்குள் முழுசாக விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விளிம்பில் ஏறி நின்றபடி யு-போல்ட்டை முறுக்கியிருந்தால் ஆக்ஸில் கோணலாக மாட்டியிருக்கும். பின்னால் வருகிறவருக்கு வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் ஓடுவது தெரியும். உங்களுக்கு நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங் சக்கரம் திரும்பி நிற்பது மட்டும் தெரியும். சோதிப்பது சுலபம். ஒவ்வொரு பக்கமும் லீஃபின் முன்கண் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் குழாயில் ஒரே மாதிரியான இடம் வரை டேப் பிடியுங்கள். இரண்டும் எட்டில் ஒரு இன்சுக்குள் ஒத்துப்போக வேண்டும். இந்த ஆக்ஸிலில் அலைன்மென்ட் செய்பவர் திருக எந்தத் திருகும் கிடையாது. கோணல் இருந்தால் யு-போல்ட்டைத் தளர்த்தி நேராக உட்கார வைப்பதுதான் ஒரே வழி. பழைய யு-போல்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். புதியதையும் 100 மைல் ஓடிய பின் ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள், நட்டு நிச்சயம் கொஞ்சம் திரும்பும்.

அடியிலிருந்து வரும் அதிர்வை டயர் பேலன்ஸ் என்று எண்ணிக் காசைக் கொட்டாதீர்கள். டயர் பேலன்ஸ் கோளாறு வேகத்தைப் பொறுத்தது. 65 மைலில் ஆடும் என்றால், மிதித்தாலும் காலை எடுத்தாலும் 65-இல் ஆடும். மிதிக்கும்போது கூடி, காலை எடுத்ததும் குறைகிற அதிர்வு என்றால் முதல் சந்தேகம் பினியன் கோணம்தான். பினியன் என்பது டிரைவ்ஷாஃப்ட்டிலிருந்து சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குள் வாங்கும் பல்சக்கரத் தண்டு. டிரைவ்ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸ் ஜாயிண்ட் இருக்கிறது. கோணத்தில் சுழலும் ஒரு கிராஸ், ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறைந்து சுழலும். மறுமுனைக் கிராஸும் அதே அளவு கோணத்தில், எதிர்த்திசையில் இருந்தால் அந்தக் கூடுதல் குறைவைத் தின்றுவிடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அது உங்கள் சீட்டுக்கு வரும்.

டிஜிட்டல் ஆங்கிள் காஜ் ஒன்று வாங்குங்கள், மலிவானதே போதும். மூன்று எண் வேண்டும்: கியர்பாக்ஸ் அச்சின் சாய்வு, ஷாஃப்ட் குழாயின் சாய்வு, பினியனின் சாய்வு. வண்டி எடையில் நிற்கும்போது எடுக்க வேண்டும், தூக்கி வைத்து எடுத்த எண் பொய். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கியர்பாக்ஸ் பின்நோக்கி 3 டிகிரி கீழே சாய்ந்திருக்கிறது. தாழ்த்தியதால் ஆக்ஸில் மேலே போய், ஷாஃப்ட் பின்நோக்கி 1 டிகிரி மேலே ஏறுகிறது. முன் கிராஸின் கோணம் 4 டிகிரி. நிதானமாக ஓடும் வண்டிக்கு 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. கியர்பாக்ஸ் மவுண்ட்டுக்கு அடியில் தகடு வைத்து வாலை ஒரு டிகிரி தூக்கினால் சாய்வு 2 ஆகி, முன் கிராஸ் 3-க்கு வந்துவிடும். பினியன் மூக்கு கியர்பாக்ஸுக்கு இணையாக, அதாவது 2 டிகிரி மேல்நோக்கி இருந்தால் பின் கிராஸும் 3. ஆனால் லீஃப் ஸ்பிரிங் வண்டியில் மிதிக்கும்போது பட்டை முறுக்கி, பினியன் மூக்கு இன்னும் மேலே போகும். அதற்கு இடம் விட்டு, நிற்கும்போது ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி குறைத்து வைப்பார்கள். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்கு இதுதான்.

பினியனைத் திருப்ப ஆக்ஸிலுக்கும் லீஃபுக்கும் நடுவில் ஆப்பு வைக்க வேண்டும். இரண்டு டிகிரி, நான்கு டிகிரி என்று தயாராகவே கிடைக்கும். இணையத்தில் படித்துவிட்டுத் திசை மாற்றி வைத்து அவதிப்படுகிறவர்கள் உண்டு. கம்பெனி அமைப்பில், ஆக்ஸில் லீஃபுக்குக் கீழே இருக்கும்போது, மூக்கைத் தூக்க ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். ஃபிளிப் செய்த வண்டியில் ஆக்ஸில் மேலே உட்கார்ந்திருக்கிறது, அதனால் தலைகீழ்: மூக்கைத் தூக்கத் தடித்த பக்கம் முன்னால். ஆப்பு இரும்பாக இருக்கட்டும். மென்மையான அலுமினிய ஆப்பு காலப்போக்கில் நசுங்கி யு-போல்ட் தளர வழி செய்யும்.

அங்கே இருக்கும்போதே ஷாஃப்ட்டின் முன்முனையில் ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள் வழுக்கி நுழையும் முனை) எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பாருங்கள். ஷாஃப்ட் நேராகும்போது யோக் கியர்பாக்ஸுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். முக்கால் இன்சாவது மிச்சம் இல்லையென்றால், பெரிய பள்ளத்தில் விழும்போது யோக் உள்ளே முட்டி கியர்பாக்ஸின் வாலைப் பதம் பார்த்துவிடும். நீளமான எக்ஸ்டெண்டட் கேப் வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் பேரிங்கோடு வரும். அவர்கள் நடு பேரிங்கின் உயரத்தையும் தகடு கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

சி-நாட்ச் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரேமில் வெட்டிய இடம் வளைவாக இருக்கிறதா, கூர்மூலையாக இருக்கிறதா? கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். கூர்மூலை தெரிந்தால் அரைத்து வளைவாக்குங்கள், நாட்ச் தகட்டைத் தாங்கும் போல்ட்டுகள் அத்தனையும் இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது ஸ்டியரிங் அலைவது. 1988 முதல் 1998 வரை வந்த இந்தத் தலைமுறை வண்டியில் ரேக் அண்ட் பினியன் கிடையாது. ஸ்டியரிங் பாக்ஸ், பிட்மன் ஆர்ம், சென்டர் லிங்க், மறுபக்கம் சென்டர் லிங்க்கைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், சென்டர் லிங்க்கிலிருந்து வீல்களைத் திருப்பும் டை ராடுகள். வண்டிக்கு முப்பது வயது நெருங்குகிறது. ஐட்லர் ஆர்ம் தேய்வது இந்த வண்டிகளின் பழைய வியாதி. அது மேலும் கீழும் ஆடினால் நீங்கள் வைத்த டோ ஒவ்வொரு பள்ளத்திலும் மாறும், உலகத்தின் சிறந்த அலைன்மென்ட் மெஷினாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. டயர் தரையில் இருக்கும்படியே ஒருவரை உள்ளே உட்கார வைத்து, எஞ்சின் ஓட, ஸ்டியரிங்கை மணிக்கூண்டின் 11-க்கும் 1-க்கும் நடுவில் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் மூட்டு கைக்கே தெரியும். அதை மாற்றாமல் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். மூட்டெல்லாம் கெட்டியாக இருந்தும் ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் பாக்ஸுக்குள்ளேயே தேய்மானம். அதன் மேலிருக்கும் திருகை இறுக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் அதிகமாக இறுக்கினால், திருப்பிய சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. தெரிந்தவர் கையில் விடுங்கள்.

"இதற்கு மேல் வராது" என்ற பேச்சுக்கு வருகிறேன். மேல் ஆர்மின் இரண்டு போல்ட்டுகளிலும் கேம் வட்டு இருந்தால்தான் கேம்பரும் கேஸ்டரும் நகரும். இந்தத் தலைமுறையின் பல வண்டிகளில் ஃப்ரேம் பிராக்கெட்டின் நீள்துளை முழுசாகத் திறந்திருக்காது. தட்டி எடுக்கும்படி ஒரு உலோகத் துண்டை விட்டிருப்பார்கள். அதைத் தட்டி எடுத்து, தனியாக விற்கும் கேம் கிட்டை மாட்டினால்தான் ஆர்ம் உள்ளும் வெளியும் நகரும். அவசரக் கடையில் அதற்குப் பொறுமை இருக்காது, டோவை மட்டும் வைத்துச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் சீட்டை எடுத்துப் பாருங்கள். முதலில் எடுத்த கேம்பரும் முடிவில் இருக்கும் கேம்பரும் ஒரே எண்ணாக இருந்தால் அதைத் தொடவே இல்லை என்று பொருள். ஹூடைத் திறந்து டார்ச் அடித்தால் மேல் ஆர்ம் போல்ட்டின் தலையில் வட்டு இருக்கிறதா, வெறும் வாஷர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெறும் வாஷர் என்றால் கேம் கிட் வாங்கி மாட்டுவதுதான் முதல் வேலை.

கேம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கடைக்காரரோடு பேச முடியும். முன் போல்ட்டும் பின் போல்ட்டும் ஒரே அளவு வெளியே போனால் வீலின் தலை வெளியே வரும், நெகட்டிவ் கேம்பர் குறையும். முன் போல்ட் வெளியே, பின் போல்ட் உள்ளே என்று எதிரெதிராகப் போனால் மேல் பால் ஜாயிண்ட் பின்னால் நகரும், கேஸ்டர் கூடும். ஒரே ஆர்மில் இரண்டு வேலை. அதனால் முழு கேமையும் கேம்பருக்கே செலவழித்துவிட்டால் கேஸ்டருக்கு மிச்சம் இருக்காது.

நல்லவேளையாக, நீங்கள் முன்னால் 4, பின்னால் 6 என்று இறக்கியது கேஸ்டருக்கு உதவுகிறது. உங்கள் வண்டியின் வீல்பேஸ் 117.5 இன்ச். பின்பக்கம் 2 இன்ச் கூடுதலாக இறங்கினால் முழு ஃப்ரேமும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. அந்த ஒரு டிகிரி அப்படியே பாசிட்டிவ் கேஸ்டரில் சேரும். முன்னை மட்டும் இறக்கி மூக்கைக் குத்தவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு இதே கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். கேஸ்டர் குறைந்து, 70 மைலில் வண்டி சாலையெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும்.

தெருவில் ஓடும் வண்டிக்கு நான் கேட்கும் எண்கள்: கேம்பர் இரு பக்கமும் பூஜ்யத்திலிருந்து நெகட்டிவ் அரை டிகிரிக்குள், கேஸ்டர் பாசிட்டிவ் 3-லிருந்து 5-க்குள், மொத்த டோ உள்நோக்கி பதினாறில் ஒரு இன்சிலிருந்து எட்டில் ஒரு இன்ச் வரை. எண்ணைவிட இடது வலது ஒற்றுமை முக்கியம். கேம்பர் அதிகப் பாசிட்டிவாக இருக்கும் பக்கம் வண்டி இழுக்கும். கேஸ்டர் குறைந்த பக்கமும் இழுக்கும். அமெரிக்கச் சாலைகள் மழைநீர் வடிய வலதுபுறம் சரிந்திருப்பதால், இடது கேஸ்டரைக் கால் டிகிரி முதல் அரை டிகிரி வரை குறைத்து வைத்தால் வண்டி நேராகப் போகும். கேமை முழுசாக வெளியே தள்ளியும் கேம்பர் நெகட்டிவ் ஒன்றரைக்கு மேலேயே நின்றால், தாழ்த்திய வண்டிக்கென்றே செய்யப்பட்ட மேல் ஆர்ம் வாங்க வேண்டும். அல்லது 2 இன்ச் ஸ்பிரிங்கை விட்டு 1 இன்சுக்கு மாறலாம். ஒரு இன்ச் உயரத்துக்காக வருஷத்துக்கு ஒரு ஜோடி டயர் என்பது நஷ்டக் கணக்கு.

டயரைத் தின்னும் குற்றத்தை எல்லோரும் கேம்பர் மேல் போடுகிறார்கள். ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர் மட்டும் இருந்தால் தேய்மானம் மெதுவாகத்தான் தெரியும். சீக்கிரமாகத் தின்பது டோ, அதிலும் வெளிநோக்கிய டோ. உங்கள் பழைய டயரைத் தரையில் போட்டு, உள்ளங்கையை வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புக்கும், பிறகு திரும்பியும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் அது டோ. இரு திசையிலும் ஒரே மாதிரி, உள்விளிம்பு மட்டும் சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பர். நீங்கள் அனுப்பிய படத்தில் பள்ளங்களின் ஓரம் இறகு போல எழும்பியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன, டோவின் பங்கு பெரிது.

டோவை வீட்டிலேயே நம்பகமாக அளக்கலாம். முன்வீலை லேசாகத் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவில் சாக்பீஸ் தடவி, ஒரு ஆணியை அசையாமல் பிடித்து மெல்லிய கோடு கீறுங்கள். இரண்டு டயருக்கும் இப்படி. பிறகு இறக்கி, பம்பரை அமுக்கிவிட்டு, வண்டியைச் சில அடி முன்னே உருட்டுங்கள். தூக்கி இறக்கும்போது டயர் உள்ளே மடங்கி நிற்கும், உருட்டாமல் அளந்தால் எண் தவறு. ஹப் உயரத்தில் டயரின் முன்புறம் கோட்டுக்குக் கோடு, பின்புறம் கோட்டுக்குக் கோடு அளந்து கழித்தால் மொத்த டோ. முன்புறம் சிறியதாக இருந்தால் உள்நோக்கி இருக்கிறது. திருகும்போது டயர் சுலபமாகத் திரும்ப அடியில் இரண்டு பிளாஸ்டிக் பைகளை மடித்துப் போடலாம். ஸ்டியரிங் சக்கரத்தை நேரே கட்டிவைத்துவிட்டு, இரண்டு டை ராட் ஸ்லீவையும் சமமாகத் திருகுங்கள். ஒரு பக்கமே திருகினால் டோ சரியாகும், சக்கரம் கோணலாகும். கடைசியில் ஸ்லீவ் கிளாம்ப்பை முறுக்கும் முன் அதன் போல்ட் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். தாழ்ந்த வண்டியில் அது ஃப்ரேமில் உரசும் இடங்கள் உண்டு. சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்தபிறகு முறுக்குங்கள்.

கேம்பருக்கும் அதே ஆங்கிள் காஜ் போதும். ரிம்மின் இரு விளிம்பையும் தொடும்படி ஒரு நேர்கோலைச் செங்குத்தாக வைத்து, அதன்மேல் காஜை வையுங்கள். முதலில் கராஜ் தரை மட்டமா என்று ரசமட்டத்தில் பார்க்க வேண்டும். 16 இன்ச் இடைவெளியில் அரை டிகிரி என்பது மூன்றரை மில்லிமீட்டர்தான். வீட்டுக் கருவியால் அந்த அளவு நுணுக்கம் கஷ்டம். எனவே வீட்டு அளவை வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடப் பயன்படுத்துங்கள், இறுதி எண்ணுக்கு ரேக்குக்குப் போங்கள்.

பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங்கைப் பிடித்து யாரோ வெட்டுவது போல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பம்ப் ஸ்டியர் (வீல் ஏறி இறங்கும்போது டோ தானாக மாறுவது) ஆக இருக்கலாம், பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) முட்டுவதாகவும் இருக்கலாம். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம், முதலில் அதைப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டில் ஒரு ஜிப் டையை இறுக்கிக் கட்டி, உடலோடு ஒட்டும்படி தள்ளிவிட்டு, வழக்கமான சாலையில் ஒரு நாள் ஓட்டுங்கள். அமுங்கும் அளவுக்கு ஜிப் டை மேலே தள்ளப்பட்டிருக்கும். தண்டின் கோடி வரை போயிருந்தால் ஷாக் முழுசாக மூடி இரும்போடு இரும்பு முட்டுகிறது. கம்பெனி நீள ஷாக்கை அப்படியே விட்டிருந்தால் இது நடந்தே தீரும். தாழ்த்திய அளவுக்கேற்ற குட்டை ஷாக் போட வேண்டும். பம்ப் ஸ்டாப் ரப்பரைச் சிலர் முழுசாகப் பிடுங்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். கிட் சொன்ன அளவுக்கு வெட்டிக் குட்டையாக்குங்கள், ரப்பர் கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் சரக்கு ஏற்றுகிறவர் என்றால், ஃபிளிப் செய்த வண்டியில் ஆக்ஸிலுக்கும் நாட்ச்சுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான் என்பதை நினைவில் வையுங்கள். அரை டன் மணல் இனி அந்த வண்டிக்கு வேண்டாம்.

முட்டல் இல்லை என்று உறுதியான பிறகும் ஸ்டியரிங் வெட்டினால் பம்ப் ஸ்டியர். ஸ்பிரிங்கைக் கழற்றி, வீலை ஜாக்கியால் ஓட்டும் உயரத்திலிருந்து இன்ச் இன்சாக ஏற்றி, ஒவ்வொரு இன்சிலும் டோ எவ்வளவு மாறுகிறது என்று எழுதினால் தெரியும். உங்கள் வண்டியில் பாதி இறக்கம் ஸ்பிண்டிலில் வந்திருப்பதால் இது பெரிதாக இருக்காது. அந்தப் பாதியில் ஆர்மும் டை ராடும் கம்பெனி கொடுத்த கோணத்திலிருந்து நகர்வதில்லை.

ரேக்குக்குப் போகும்போது பாதி டேங்க் பெட்ரோல், வழக்கமாகப் பெட்டில் இருக்கும் டூல் பாக்ஸ், சரியான டயர் காற்று இருக்கட்டும். நாலு வீல் அலைன்மென்ட் கேளுங்கள். பின் ஆக்ஸிலில் திருக ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும், அது எந்தத் திசையில் தள்ளுகிறது என்ற எண் சீட்டில் வர வேண்டும். அது கால் டிகிரிக்கு மேல் இருந்தால் அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேலே சொன்ன சென்டர் போல்ட்டைப் பார்க்கத் திரும்புங்கள். மெஷினில் இருக்கும் கம்பெனி எண்கள் தாழ்த்தாத உயரத்துக்கானவை. உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சரிவுப் பலகையில் ஏறும்போது முன் பம்பர் உரசும், இரண்டு மரப்பலகை நீங்களே கொண்டுபோவது நல்லது. தாழ்ந்த வண்டியை ஏற்றவே மாட்டேன் என்கிற கடைகளும் உண்டு, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

ஹெட்லைட்டை மறந்துவிடாதீர்கள். கேஸ்டருக்கு உதவிய அதே ஒரு டிகிரி சாய்வு, விளக்கின் ஒளியை 25 அடி தூரச் சுவரில் 5 இன்சுக்கு மேல் தூக்கியிருக்கும். எதிரே வருகிறவர் உங்களுக்கு ஹை பீம் அடித்துக்கொண்டே இருக்கிறார் என்றால் காரணம் அதுதான். விளக்குக்குப் பின்னாலிருக்கும் திருகில் ஐந்து நிமிட வேலை.